நாலு எழுத்துக்கு நாலு வார்த்தை

பள்ளிக்குக் கிளம்பிய மகள், இழுப்பு வந்தால் வாயில் வைத்து அடிக்கும் பம்ப்பை அலமாரியில் தேடினாள். அது அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

"இனிமே அதைத் தொடாத கண்ணு" என்றார் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். தம்பி அனுப்பிய செய்தியை மனைவியிடம் நீட்டினார். பம்ப் என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளுக்கும் விரிவாக்கம் போட்டிருந்தது: 'பாய்சன் அண்டர் மெடிக்கல் பேக்கிங்'. மருந்துப் பெட்டிக்குள் விஷம். "பேர்லயே சொல்லி வச்சிருக்கானுங்க. நமக்குத்தான் புரியல."

பொல்லாத மனிதர் இல்லை. ஆனால் சந்தேகம் தட்டிவிட்டால் பால் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். டாக்டரும் மருந்துக்கடைக்காரரும் கூட்டுக் களவாணிகள் என்று அன்று முடிவு கட்டிவிட்டார்.

மகள் கிளம்புமுன் மனைவி தெருமுனைக் கடையில் வேறொரு பம்ப் வாங்கி அவள் பைக்குள் ஒளித்து வைத்தாள். கணவர் பார்த்தால் அதையும் பிடுங்கிவிடுவார். காய் நறுக்கியபடியே யோசித்தவள், கைப்பேசியை எடுத்துக் கொழுந்தனுக்கு மட்டும் ஒரு வரி அனுப்பினாள்.

மதியம் மெக்கானிக் வேலைக்குப் போன குடியிருப்பில் லிஃப்ட் வாசலில் கூட்டம். யாரும் ஏறவில்லை.

"லிஃப்ட்னா 'லெட் இட் ஃபால் டுடே'யாமே. இன்னைக்கு விழட்டும்னு அர்த்தமாம்" என்றார் முழங்கால் வலிக்காரர் ஒருவர்.

"சும்மா ஒரு வார்த்தைங்க அது. கயிறு நான் பூட்டினது."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. லிஃப்ட் கம்பெனி ஆளாச்சே."

அவரே ஏறி மேலே போய் வந்து காட்டினார். "மெக்கானிக் ஏறினா விழாதாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முழங்கால்காரர் படியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். தன் கைவேலையை அவர்கள் சந்தேகப்பட்டதில் மெக்கானிக்குக்கு முகமெல்லாம் எரிந்தது.

மாலை வீட்டுக்கு வந்ததும் கத்தினார். "லிஃப்ட் விழும்னு எவனோ வேலைவெட்டி இல்லாதவன் கட்டிவிட்டிருக்கான். கையில கெடைக்கட்டும்."

"கெடைச்சாச்சு. நான்தான்" என்றாள் மனைவி. "உங்க தம்பிக்கு மட்டும் அனுப்பினேன், அவர் ஊருக்கே அனுப்பிட்டார். தப்புதாங்க, பொய்னு எல்லாருக்கும் இப்பவே சொல்லிடறேன். ஆனா பம்ப்புக்கும் ஒருத்தன் இப்படித்தானே உக்காந்து கட்டியிருப்பான்?"

அப்போதுதான் மூலையிலிருந்து இழுப்பின் விசில் சத்தம் அவர் காதில் விழுந்தது. மகளுக்குத் தோள்கள் ஏறி இறங்கின. அப்பா எதிரில் பையைத் திறக்கப் பயந்து, மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்த பம்ப்பை எடுத்து அவரே மகள் வாயில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு தணிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளின் முதுகைத் தடவியபடியே தம்பியைக் கூப்பிட்டார்.

"வார்த்தைதான்டா முதல்ல வந்துச்சு, விளக்கம் எவனோ அப்புறம் ஒட்டினது. எந்த எழுத்துலயும் எதை வேணா ஒட்டலாம். யாரு சொன்னா, உண்மையான்னு கேக்காம இனிமே ஒண்ணையும் நம்பாத, யாருக்கும் அனுப்பாத. நான் கேக்கலடா. என் பொண்ணோட மூச்சைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு நாள் பூரா திரிஞ்சிருக்கேன்."