பந்து இன்னும் இறங்கவில்லை

ஆகாயத்தில் அப்படியே நிற்கிறது அந்த வெள்ளைப் பந்து, மனிதன் வானத்தை நோக்கி இதுவரை எழுப்பிய கேள்விகளில் மகத்தானது அதுதான், ஒரு வீரனின் விதியும் ஒரு மலையின் மௌனமும் அதற்குள் சுருண்டு கிடக்கின்றன, இப்படிச் சொன்னவர் எங்கள் மன்றத் தலைவர் அம்பலவாணன் சார், வாயில் பாதி மிளகு வடை இருந்ததால் மௌனம் என்ற சொல்லோடு கொஞ்சம் வடைத்தூளும் என் சட்டையில் விழுகிறது, தட்டிவிடக் கை எழவில்லை, பந்து இன்னும் இறங்கவில்லையே, இத்தனை வருஷம் கழித்தும் என் கனவில் அது இறங்குவதில்லை, சில நாள் பாச்சை உருண்டையாகி அலமாரிக்குள் மணக்கிறது, சில நாள் ஆலங்கட்டியாகிக் கையில் கரைகிறது, விழித்தால் உள்ளங்கை ஈரமாக இருப்பது போலத் தோன்றும், இருக்காது.

மலையில் கோல்ஃப் வீரன் ஒருவனுக்கு ரசிகர் மன்றம் வைத்தவர்கள் நாங்கள், எங்களில் ஒருவர்கூட மட்டையைத் தொட்டதில்லை, அது எங்கள் கருத்துகளுக்கு ஒருபோதும் இடைஞ்சலாக இருந்ததில்லை, நஞ்சன் எங்கள் ஊர்ப் பிள்ளை, வெளிநாடுகளில் கோப்பை வாங்கியவன், பிறகு இரண்டு வருஷமாக ஒன்றும் வாங்காதவன், எங்கள் மலையில் நடக்கும் இந்தப் போட்டியிலும் ஜெயிக்கவில்லை என்றால் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பயிற்சியாளராகப் போய்விடுவேன் என்று பத்திரிகையில் சொல்லியிருந்தான், அதனால் அன்று காலையிலிருந்தே கயிறு கட்டிய ஓரமாக அவன் பின்னால் நடக்கிறோம், பனிமூட்டம் முழங்கால் வரை ஏறியிருக்கிறது, அவன் இடுப்பு போச்சு டீச்சர் என்கிறார் அம்பலவாணன் சார், இடது இடுப்பு திரும்பவே மாட்டேங்குது, ஃபார்ம் போனா போனதுதான், உங்க இடுப்பு திரும்புதா சார் என்று மன்றத்து ரெஜினா டீச்சர் கேட்கிறார், நாற்காலியை விட்டு எந்திரிக்கவே ரெண்டு பேர் கை குடுக்க வேண்டியிருக்கு, நான் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொள்கிறேன், டீச்சர் விடவில்லை, அவன் மணிக்கட்டைப் பாருங்க சார், தண்ணி ஊத்துற மாதிரி வருது, இன்னிக்கு அவன்தான், மன்றத் தலைவரே தோத்துருவான்னு சொன்னா எப்படி, தலைவர்னா உண்மையைச் சொல்லணும் டீச்சர், கைதட்டத்தான் நீங்கள்லாம் இருக்கீங்களே.

அவருடைய நிஜமான பெருமை வேறு, கோல்ஃப் ரசிகனின் ஒழுக்கம் என்ற ஒன்றை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர், பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பார்வையாளன் அசையக் கூடாது, தும்மக் கூடாது, ரசிகன்னா கல்லு மாதிரி இருக்கணும், டீச்சர் ஒருமுறை தும்மலை அடக்கிக் கண்ணீர் விட்டதை நஞ்சன் மேலுள்ள பாசம் என்று ஒரு நிருபர் எழுதிவிட்டார், அந்த ஒழுக்கத்துக்காகவே அம்பலவாணன் சார் மடக்கு நாற்காலியோடு வருவார், மார்பில் தட்டளவு மன்ற பேட்ஜ், யாரோ தோட்டத் துரையின் பழைய ஓவர்கோட்டு, உட்கார்ந்தால் அது கூடாரம் போலப் புல்வரை விரியும், அப்படித்தான் கடைசிக் குழிக்குப் போகும் சரிவில் அவர் உட்கார்ந்திருந்தார், குறைந்த அடிகளில் முடிப்பவனுக்குத்தான் கோப்பை, நஞ்சன் ஒரே ஒரு அடி முன்னணியில் இருந்தான், அடித்தான், பந்து எழும்பியது, நின்றது, பனிக்குள் போனது, எங்கள் பக்கம் எங்கேயோ மெத்தென்று ஒரு சத்தம்.

மூன்று நிமிஷத்துக்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததாகக் கணக்கு, தண்டனையாகக் கணக்கில் ஒரு அடி கூட்டிக்கொண்டு திரும்பப் போய்ப் பழைய இடத்திலிருந்து அடிக்க வேண்டும், எல்லோரும் குனிந்துவிட்டோம், டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புதருக்குள் கைவிடுகிறார், நஞ்சனே என் பக்கத்தில் முழங்காலிட்டுப் புல்லை விலக்குகிறான், நனைந்த கம்பளி வாசனை, அண்ணா இந்தப் பக்கம்தானே சத்தம் கேட்டுச்சு, ஆமா தம்பி இந்தப் பக்கம்தான், அவன் ஒவ்வொரு புல்லாகப் பிரிப்பதை நான் பார்க்கிறேன், இப்போதும் பார்க்கிறேன், சார் கொஞ்சம் எந்திரிச்சு நகருங்க என்று இளம் நடுவர் ஒருவர் அம்பலவாணன் சாரிடம் வருகிறார், பந்து ஆட்டத்துல இருக்கு, பார்வையாளர் அசையக் கூடாது, விதி தெரியாமலா நடுவர் ஆனீங்க, நடுவர் அவருடைய பேட்ஜைப் பார்த்தார், ஓவர்கோட்டைப் பார்த்தார், மன்னிச்சுக்குங்க சார் என்று போய்விட்டார், சார் நீங்களும் ஒரு கை தேடக் கூடாதா என்று புதருக்குள்ளிருந்து டீச்சரின் குரல், கல்லு மாதிரி டீச்சர், கல்லு மாதிரி.

நேரம் முடிந்தது, நஞ்சன் பனிக்குள் திரும்பி நடந்து போனான், மறுபடி அடித்தான், ஒரு அடியில் தோற்றான், யாருக்கோ கைதட்டுகிறார்கள், நான் காலையிலேயே சொல்லலையா, இடுப்பு என்றார் அம்பலவாணன் சார், டீச்சர் கையில் முள் கீறியிருந்தது, மன்றத்துக்கு நன்றி சொல்ல நஞ்சன் கையைத் துடைத்துக்கொண்டே சரிவேறி எங்களிடம் வந்தான், எதிரே வந்து நின்றான், தலைவர் தொண்டையைச் செருமினார், இரங்கல் உரையை உட்கார்ந்தபடி நிகழ்த்த முடியாதல்லவா, ஆளுக்கொரு பக்கம் நானும் டீச்சரும் கை கொடுத்தோம், தூக்கினோம், ஓவர்கோட்டு மெல்ல மேலே எழும்பியது, ஆகாயத்தில் நின்ற அந்தப் பந்து இறங்கிவிட்டது, நாற்காலிக்கு அடியில், வடை சுற்றிவந்த காகிதத்தின் மேல் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது.