பீடத்துக்குள் போன கேமரா

குருபோங் தொழிற்பேட்டையில் ஆணியிலிருந்து ஏணி வரைக்கும் விற்கிற அந்தக் கடைக்குள் கமலவேணி மறுபடியும் நுழைந்தபோது, கல்லாவில் இருந்த ஷாந்தினி சிரித்துவிட்டாள். "ஆன்டி, திரும்ப பாம்பு கேமராவா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடி அலமாரியைத் திறந்தாள்.

நீளமான வயர், அதன் நுனியில் சின்னக் கேமரா, கேமராவைச் சுற்றி குட்டி குட்டி விளக்குகள். அடைத்துக்கொண்ட குழாய்க்குள்ளும் லாரி எஞ்சினுக்குள்ளும் விட்டுப் பார்க்கிற சாமான் அது. அம்மன் பீடத்துக்குள் விட்டுப் பார்ப்பதற்காக அதை வாங்கியவள் மலாக்காவில் கமலவேணி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சும்மா வேடிக்கை பார்க்கவா வாங்கினாள்? புருஷனைத் திருடன் என்று ஊர் சொன்னால் எந்தப் பெண்சாதிதான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள்?

சுங்கை ரம்பாய் பக்கம் அவர்கள் இருந்த ரப்பர் தோட்டம் கைமாறியபோது, அங்கிருந்த அம்மன் கோயிலைச் சாலையோரத்து நிலத்துக்கு மாற்றினார்கள். புதுப் பீடத்தில் அம்மனை அமர்த்துவதற்கு முன்னால், கீழே உள்ள குழியில் செப்புத் தகடு வைத்து, குடும்பத்துக்கு ஒரு பொன் என்று போடச் சொன்னார்கள். மோதிரம், மூக்குத்தி, குழந்தையின் காப்பு என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கமலவேணி தன் அம்மாவின் தோட்டைக் கொடுத்தாள். அன்னப்பட்சி போட்டு, அதன் கண்ணில் சிவப்புக் கல் வைத்த தோடு. பால் வெட்டிப் பால் வெட்டிக் காய்த்துப்போன கையால் அம்மா வாங்கியது. கமலவேணி அதைப் போட்டுக்கொண்டு போகாத கல்யாணம் கிடையாது. கோயில் செயலாளராக இருந்த அவள் புருஷன் ராமையாதான் அதைக் கேட்டு வாங்கினார். "நம்ம வீட்டு பொருள் சின்னதா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். அவளும் மனசாரக் கழற்றிக் கொடுத்தாள். குழியை மூடி, அஷ்டபந்தன மருந்து சாத்தி, அம்மனை மேலே அமர்த்திவிட்டார்கள். அதற்கப்புறம் அடுத்த குடமுழுக்கு வரைக்கும் யாரும் தொடக் கூடாது. கருவறைச் சாவி ராமையாவிடம் இருந்தது.

அதே வருஷம் ராமையா கோயிலுக்குப் பெரிய வெண்கல மணி ஒன்றையும் வாங்கிக் கொடுத்தார். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு என்றார். மணிக்கு மேலே பலகையில் 'உபயம்: ராமையா' என்று எழுதியிருந்தார்கள். அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சதுப்பில் மண்ணைக் கொட்டி மேடாக்கிய நிலம் எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கும்? பீடம் ஒரு பக்கம் இறங்கி வெடித்தது. பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. தலைவர் சின்னத்தம்பி கூட்டத்தில் எழுந்து, யாரோ பீடத்தை உடைத்து உள்ளே இருந்த பொன்னை எடுத்துவிட்டு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், அந்தப் பூச்சுதான் இப்போது வாயைப் பிளந்திருக்கிறது என்றார். பேரைச் சொல்லவில்லை. "சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அது அவல் மாதிரி கிடைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமையே மணிப் பலகையில் இருந்த ராமையாவின் பேர் மேல் யாரோ காகிதம் ஒட்டிவிட்டார்கள்.

ராமையா பதவியை விட்டார். அதோடு கோப்பிக் கடைக்குப் போவதையும் விட்டார். தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய குருபோங் வீட்டில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கமலவேணி வேலை செய்கிற தொழிற்சாலை கேண்டீனிலும் பேச்சு வந்தது. அவள் சோறு போடும்போது பின்னால் இருந்து ஒரு குரல், "பாத்து வாங்கு, கை சுத்தமான்னு" என்றது. அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். அந்தக் காகிதம் கிழிந்தாக வேண்டும்.

பீடத்தைப் பிரிக்க வழியில்லை. தமிழ்நாட்டிலிருந்து காண்ட்ராக்டில் வந்திருந்த குருக்களிடம் போய்க் கேட்டாள். அவர், தொடுவதுதான் தப்பு, பார்ப்பதைப் பற்றிச் சாஸ்திரம் ஒன்றும் சொல்லவில்லை என்றார். ஆனால் பீடத்துக்குள் போகிற எதுவானாலும் மஞ்சள் நீரில் முக்கி எடுத்துத்தான் போக வேண்டும், தான்தான் உள்ளே விடுவேன் என்றார். வேண்டாம் என்றால் எதற்குப் பயப்படுகிறாய் என்று ஊர் கேட்கும் என்பதால் சின்னத்தம்பியும் தலையாட்டினார்.

வேண்டாம் என்று சொன்னவர் ராமையா ஒருத்தர்தான். "விட்ரு வேணி. அம்மனுக்குத் தெரியும், அது போதும்" என்றார். மானமுள்ள மனுஷன், மனசு நொந்து பேசுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவளுக்குக் கண்கூட கலங்கியது.

முதல் கேமராவை ஆன்லைனில் மலிவாக வாங்கினாள். படத்தில் ஈர்க்குச்சி மாதிரி இருந்தது, வந்து சேர்ந்தபோது தலை கட்டைவிரல் பருமன். வெடிப்புக்குள் நுழையவே இல்லை. இரண்டாவதை ஷாந்தினியிடம் வாங்கினாள். தலை சன்னமாக இருந்தது, தண்ணீர் தாங்கும் என்று பெட்டியிலும் போட்டிருந்தது. ஆனால் தலைதான் தண்ணீர் தாங்கும், ஃபோனில் செருகுகிற வால் தாங்காது என்பது யாருக்குத் தெரியும்? குருக்கள் பக்தி சிரத்தையோடு தலையையும் வாலையும் சேர்த்து மஞ்சள் நீர்க் குடத்துக்குள் முக்கினார். எடுத்துச் செருகியபோது ஃபோனில் ஒன்றும் வரவில்லை. சின்னத்தம்பி, "அம்மனுக்கே இஷ்டமில்ல போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தத் தடவை அண்ணன் மகன் ஷங்கரையும் கூட்டி வந்திருந்தாள். அவன் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவன், இந்தச் சாமான் அவனுக்குப் பழக்கம். வளைத்தால் வளைந்தபடியே நிற்கிற வயர்தான் வேண்டும், தொளதொளவென்று இருந்தால் உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும் என்று அவன் சொன்னான். கருவறைக்குள் குருக்களைத் தவிர யாரும் போக முடியாது, அதனால் வயர் உள்ளே இருந்தாலும் படம் வெளியே வருகிற மாதிரி வைஃபை உள்ளதாக இருக்க வேண்டும் என்றாள் கமலவேணி. வாலை பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டுத்தான் குடத்தில் முக்கவே கொடுப்பேன் என்றும் சொல்லிவிட்டாள். ஷாந்தினி ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டை மேசைமேல் வைத்தாள்.

ஷங்கர் விலை குறைந்ததை எடுத்தான். "அத்த, இது போதும்லா. உள்ள பொருளு இருக்கா இல்லயான்னுதானே பாக்கணும்?"

கமலவேணி தன் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றினாள். அங்கே கிடந்த வளைந்த குழாய்த் துண்டுக்குள் அதைப் போட்டு, கூடவே ஷாந்தினியிடம் கேட்டு ஒரு பித்தளை வாஷரையும் போட்டாள். விலை குறைந்த கேமராவில் இரண்டும் சாம்பல் வட்டமாகத் தெரிந்தன. எது எது என்று சொல்ல முடியவில்லை. மற்ற கேமராவை உள்ளே விட்டாள். விளக்கைக் கூட்டிக் குறைக்கிற வசதி அதில் இருந்தது. மோதிரம் மோதிரமாக, பித்தளை பித்தளையாகத் தெரிந்தது.

"இதத்தான் எடுக்கணும். அப்புறம் அது தங்கமே இல்லன்னு எவனும் சொல்லக் கூடாது" என்றாள். அதைச் சொன்னபோது அவள் அப்படி நிமிர்ந்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் மொத்தமும் மண்டபத்தில் கூடிவிட்டது. ஷங்கர் அத்தையின் ஃபோனை மண்டபத்து டிவியில் இணைத்து, படம் பதிவாகிற மாதிரி வைத்தான். ராமையா வரவில்லை, முட்டி வலி என்று படுத்துக்கொண்டார். கமலவேணி தூணோரம் நின்றாள். குருக்கள் மஞ்சள் நீரில் நனைத்த வயரை வெடிப்புக்குள் விட்டார். முதலில் சிமெண்ட், அப்புறம் செங்கல், அப்புறம் இருட்டு. ஷங்கர் வெளியே நின்று, கொஞ்சம் வலது பக்கம் சாமி, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். திடீரென்று வெளிச்சம் விரிந்தது.

செப்புத் தகடு தெரிந்தது. அதைச் சுற்றி மோதிரங்கள், மூக்குத்திகள், ஒரு குழந்தைக் காப்பு. ஈரம் பட்ட செப்பு கறுத்துப் போயிருந்தது, பொன் மட்டும் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. மண்டபத்தில் ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி, அது தன் பிள்ளையின் காப்பு என்று கையை நீட்டிக் காட்டினாள். யாரோ "ராமையாண்ணன் நல்லவருப்பா" என்றார்கள். பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த ஒரு பெரியவர் போய் மணிப் பலகையில் இருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டார். கமலவேணி அதைப் பார்த்தாள். இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் நீடித்திருக்குமா என்பதே சந்தேகம்.

குருக்கள் வயரை இன்னும் கொஞ்சம் திருப்பினார். தகட்டின் ஓரத்தில் ஒரு ஜோடித் தோடு. அன்னப்பட்சி, கண்ணில் சிவப்புக் கல். பட்சி முழுவதும் பச்சை பூத்திருந்தது. கல்லைச் சுற்றிலும் களிம்பு பொங்கி, தகட்டிலும் பச்சையாக வழிந்திருந்தது.

தங்கம் பச்சை பூக்காது. அது அங்கே இருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அட பாவிகளா, அம்மனுக்கே கவரிங் போட்டிருக்காங்க" என்று யாரோ சொல்ல, சிரிப்பு கிளம்பியது. முன்வரிசையில் நாற்காலியில் இருந்த குஞ்சம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிவியையே பார்த்தாள். கமலவேணியின் கல்யாணத்துக்கு வந்தவள் அவள். "இது நம்ம வேணி தோடு மாதிரில்ல இருக்கு" என்றாள். சிரிப்பு நின்றது. எல்லாத் தலையும் தூண் பக்கம் திரும்பியது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அந்தப் பூதம் இப்போது அவள் முன்னால் நின்றது. தோடு அவள் காதைவிட்டு இறங்கி ராமையா கைக்குப் போனது தங்கமாக. ராமையா கையிலிருந்து குழிக்குப் போனது கவரிங்காக. நடுவில் வேறு கை இல்லை. அந்த வருஷம் வந்த ஓவர்டைம், விட்ரு வேணி என்ற பேச்சு, இன்றைக்கு வந்த முட்டி வலி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குப் புரிந்தது. அம்மாவின் தோடு எங்கேயும் போய்விடவில்லை. தலைக்கு மேலே வெண்கலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, ராமையாவின் பேரோடு.

சின்னத்தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் முகத்தில் இப்போதுதான் உயிர் வந்திருந்தது. உண்மையைச் சொன்னால் போதும், அப்போதே சொன்னேனே என்று எழுந்துவிடுவார். அலைந்து திரிந்து இவள் வாங்கிய கேமரா அவருக்குச் சாட்சியாகிவிடும். அவருக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க இவளுக்கு மனசு வரவில்லை. புருஷன் மேல் பாசத்தால்தான் வாயைத் திறந்தாள் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"என்னுதுதான்" என்றாள். "தங்கத்த குடுக்க மனசு வரல. நான்தான் கவரிங் வாங்கி குடுத்தேன். அவருக்கு தெரியாது."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. குஞ்சம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளையைக் கூப்பிடுகிற சாக்கில் நகர்ந்து போனாள். ஷங்கர் மட்டும் அத்தையைப் பார்த்தான். கடையில் மோதிரத்தையும் வாஷரையும் குழாய்க்குள் போட்டுப் பார்த்தவளை அவன் கண்ணால் கண்டவன். கவரிங் கொடுத்தவள் அப்படியா கேமரா வாங்குவாள்? அவன் வாயைத் திறக்கப் போனான். அவள் கண்ணாலேயே அடக்கினாள். குருக்கள் தீபாராதனை காட்ட, மணி அடித்தது. கோயிலே அதிர்கிற மாதிரி நல்ல மணி.

வீட்டுக்கு வந்தபோது ராமையா எழுந்து உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்தபடியே, "என்னா தெரிஞ்சிச்சு?" என்றார்.

கமலவேணி ஃபோனை எடுத்து, படத்தை அந்த இடத்தில் நிறுத்தி, அவர் மடியில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடி போடாமலேயே பச்சை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஃபோனை மடியிலேயே கவிழ்த்து வைத்தார்.

அவள் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கேமராவை வயரோடு சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"பேப்பர கிழிச்சிட்டாங்க" என்றாள். "இனிமே நீங்க தாராளமா கோயிலுக்கு போலாம். நான்தான் போவ முடியாது."