சேலத்துக் கம்ப்யூட்டர்

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் கடை போட்டபோது ஊரே வந்து பார்த்தது. ஒருவரும் வாங்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கடையில் வருடக்கணக்காகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவள் நான். படிக்கிற பிள்ளைக்கு ஒரு மாதிரி, கல்யாண வீடியோ எடிட் செய்கிறவருக்கு ஒரு மாதிரி என்று அவரவர் தேவைக்குப் பாகங்களை வரவழைத்துச் சேர்த்துத் தருவேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். "அப்படிங்களா" என்று தலையாட்டிவிட்டு, சார்ஜர் வயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். வயர் விற்கவா வேலையை விட்டுவிட்டு மலையேறி வந்தேன்?

பிறகு அப்பா களத்தில் இறங்கினார். "நான் ஆர்டர் புடிச்சுத் தாரேன் கண்ணு. நீ செஞ்சு மட்டும் குடு" என்றார்.

அப்பா மாணிக்கம், மிளகும் மரவள்ளியும் வாழையும் போடுகிறவர். வாழைத்தார் கொடுக்கிற வீடுகளிலெல்லாம் என்ன சொன்னாரோ, மழைக்காலம் முடிவதற்குள் வரிசையாக ஆர்டர் வந்தது. ஒவ்வொன்றையும் செய்து முடித்து, முன்பக்க மூலையில் 'யமுனா கம்ப்யூட்டர்ஸ், செம்மேடு' என்ற பச்சை ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவேன். அப்பாதான் ஜீப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். நானும் வருகிறேன் என்றால், "நீ கடையப் பாரு சாமி" என்பார். மகள் அலையக்கூடாது என்று பார்க்கிறார் என எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வாங்கியவர்களில் ஒருவர்கூடக் கடைப்பக்கம் வந்ததில்லை. அதுவும் எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு மண்டு நான்.

போன வாரம் தெரசா டீச்சர் வந்தார். திண்டுக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்து பள்ளிக்கூடக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர். புதுப் பிரிண்டரை மாட்டித் தரச் சொன்னார். போனேன். மேசைமேல் இருந்தது நான் செய்த கம்ப்யூட்டர்.

"இது சேலத்துல செஞ்சது யமுனா. உங்கப்பாதான் சொல்லிவச்சு வாங்கிட்டு வந்தார். ஆன் பண்ணியிருக்கா இல்லையான்னே தெரியாது, சத்தமே வராது. நீயும் வயரும் மவுஸும் வித்துக்கிட்டே இருக்காம, இந்த மாதிரி செய்யக் கத்துக்கோம்மா."

ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. நகத்தால் சுரண்டிய கோடுகள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார் அப்பா, வாசம்கூடப் போகவில்லை. எனக்கு வந்தது அழுகையில்லை, ஆத்திரம். வாயைத் திறந்தால் என்ன வருமென்று தெரியாததால் பிரிண்டரை மாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அப்பா வாசலில் பேளுக்குறிச்சி சந்தைக்கு மிளகை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ற ஸ்டிக்கர் எங்கீங்கப்பா?"

எந்த ஸ்டிக்கர் என்று அவர் கேட்கவில்லை. மூட்டை வாயை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "மலையில செஞ்சதுன்னா எவன் கண்ணு வாங்குவான்? சேலம்னு சொன்னேன், வாங்கறாங்க. எம் மொளகும்தான் காலங்காலமா சந்தைக்குப் போவுது. ஏவாரி அவன் பேரு போட்ட சாக்குல கொட்டித்தான் விக்கறான். எம் பேரா இருக்குது? ஊட்ல அடுப்பு எரியாமயா போச்சு?"

"அடுப்பு எரிஞ்சுதுங்க. இப்ப எனக்கு வயிறு எரியுது. உங்க மொளக எவன் பேருல வேணா வித்துக்கங்க. எம் பொருள்ல கை வெக்க உங்கள ஆரு சொன்னா?"

"கத்தாத. வாசலூர்பட்டியில போட் ஹவுஸ் பக்கம் லாட்ஜ் கட்டறவரு நாலு கேட்டிருக்காரு. டீச்சரம்மா நல்லாருக்குதுன்னு சொல்லித்தான் கேக்கறாரு. அதக் கெடுத்துப்போடாத."

"நான் டீச்சர்கிட்டச் சொல்லத்தான் போறேன்."

"போயிச் சொல்லு" என்றார் அப்பா. "சொல்லிட்டு அவுங்க மூஞ்சியப் பாரு."

அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல அல்லவா பார்த்தார்! இத்தனை வருடம் வியாபாரி செய்ததை அப்படியே மகளுக்குச் செய்துவிட்டு, அதை உதவி என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று ராத்திரி பேய்க்காற்று. காரவள்ளி ரோட்டில் எங்கோ மரம் விழுந்து மலை முழுக்கக் கரண்ட் போய்விட்டது. காலையிலும் வரவில்லை. ஒரு ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இந்தக் கம்ப்யூட்டர் சேலத்துல செஞ்சது இல்லீங்க. செம்மேட்டுல செஞ்சது. செஞ்சது நான்தானுங்க. எங்கப்பா பொய் சொல்லிக் குடுத்துட்டாரு."

சிரிப்பார் என்று நினைத்தேன். பாராட்டுவார் என்றுகூட ஒரு மூலையில் ஆசை இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"நீயா?"

"நானேதானுங்க." பசை இருந்த இடத்தில் பச்சை ஸ்டிக்கரை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன்.

டீச்சர் எழுந்து வந்தார். குனிந்து பெட்டியில் காதை வைத்தார்.

"அதான் பார்த்தேன். கொஞ்ச நாளாவே உள்ள உர்ர்னு ஒரு சத்தம். ஃபேன் சரியில்லைன்னு நினைக்கிறேன். உள்ளூர்ப் பொண்ணுன்னு சொல்லாம விட முடியாது பாரு."

அப்பாவின் முகம் கண்முன்னே வந்தது. அவர் சொன்னதே சரியாகிப் போனதில் எனக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது.

"இப்பக் கேக்குதுங்களா டீச்சர்?"

"நல்லாக் கேக்குதே."

"இன்னும் கிட்டக்க வெச்சுக் கேளுங்க."

காதை ஒட்ட வைத்தார். கண்ணைக்கூட மூடிக்கொண்டார். "ஆமாம்மா. உர்ர்னு வருது."

"ராத்திரியில இருந்து கரண்ட் இல்லீங்க டீச்சர்" என்றேன். "லாட்ஜ்காரருகிட்டச் சொல்றப்ப இதையும் சேத்துச் சொல்லீருங்க."