கடலுக்குக் கட்டிய சோறு

மாசி மகத்துக்குக் குடும்பத்தோடு கடலுக்குப் போகலாம் என்று பிச்சைமுத்து தன் வாயாலேயே சொன்னபோது செவ்வந்தியின் கையில் இருந்த முறம் நழுவப் பார்த்தது. கட்டிய நாளிலிருந்து அந்த மனுஷன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போன தூரம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும்தான், அதுவும் பிரசவத்துக்கு. சங்கராபுரத்தில் மச்சினி வீட்டு விசேஷத்துக்குக்கூட, "நீ போய்ட்டு வாமே, எனக்குக் கரும்பு வெட்டு இருக்குது" என்று கழன்றுகொண்ட ஆள். அப்பேர்ப்பட்டவர் வேன் பேசிவிட்டாராம். கடலூர் தேவனாம்பட்டினம் பீச்சில் முழுகிவிட்டு, மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாமாம். எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது?

செவ்வந்திக்கு வரவில்லை. அவர் சொன்னதில் கடலூர் என்ற ஒரு சொல்தான் அவள் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் விழவே இல்லை.

அவள் மகள் கொளஞ்சி கடலூரில்தான் இருந்தாள். கல்வராயன் மலை அடிவாரத்தில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போன இடத்தில், கிழங்கு லாரிக்கு மூட்டை தூக்க வந்த ராசுவோடு பழகி, அவனையே கட்டிக்கொண்டு போய்விட்டாள். ராசு வேறு ஆளுங்க வீட்டுப் பையன். போதாதா? போன வருஷத்து மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் போனவள்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. ரேஷன் கடையில் கார்டைப் பார்த்துப் பெயர் வாசித்தால்கூட பிச்சைமுத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

செவ்வந்தி மட்டும் எடுத்தாள். நைனார்பாளையம் மெயின் ரோட்டில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த ரஜியாவின் போனில், சீப்பு வாங்குகிற சாக்கில், ஊசி நூல் வாங்குகிற சாக்கில் மகளோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். கொளஞ்சிக்கு இப்போது ஏழாவது மாசம். அது இந்த ஊரில் ரஜியாவுக்கும் செவ்வந்திக்கும் மட்டுமே தெரியும்.

ஏழாவது மாசத்தில் தாய் வீட்டிலிருந்து சோறு போகவேண்டும். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று கட்டிக்கொண்டு போய், வளையல் அடுக்கி, வாயில் ஊட்டிவிட்டு வரவேண்டும். ராசு வீட்டுப் படியை மிதித்தால் காலை வெட்டுவேன் என்று புருஷன் சொல்லியிருக்கும்போது எந்தச் சோற்றை எங்கே கொண்டு போவது என்றுதான் அவள் இத்தனை நாளும் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டு கிடந்தாள். இப்போது அவரே வேன் பேசிக் கூட்டிக்கொண்டு போகிறார். பீச்சுக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போவதும் இதே சோறுதானே! எவள் கண்டுபிடிக்கப் போகிறாள்?

அன்றைக்கே ரஜியா கடைக்கு ஓடினாள். "ராட்டினம் போட்டிருப்பாங்களாம். அதுக்குப் பின்னாடி வந்து நில்லுடி. நான் கைகால் கழுவிகினு வரேன்னு நைசா வந்துடறேன்" என்று மகளிடம் சொல்லி முடித்துவிட்டாள். பச்சையும் சிவப்புமாக வளையல்களைத் துணியில் சுற்றிக் கொடுத்த ரஜியாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "அக்கா, அத்தினி பேரு நடுவுல ஏதாவது ஏடாகூடம் ஆயிடப் போவுது. பாத்துக்கோ."

"ஒண்ணும் ஆவாது, போ. அந்தக் கூட்டத்துல பெத்தவளே பெத்ததத் தேடணும்" என்றாள் செவ்வந்தி.

அவ்வளவு தைரியம்! வளையலை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும்போது மட்டும் இரண்டு தரம் வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

பயணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் புருஷனின் அக்கா குஞ்சம்மாள் வந்து சேர்ந்தாள். அவளும் வேனில் வருகிறாள். வந்தவள் சும்மா உட்காருவாளா? அடுப்படியில் கழுவிக் கவிழ்த்திருந்த தூக்குகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். மலைக்காரர்களிடம் சந்தையில் வாங்கிய புளி ஒருபக்கம் ஊறிக்கொண்டிருந்தது. துருவிய தேங்காய் ஒருபக்கம். வெல்லம் ஒருபக்கம்.

"இன்னா செவ்வந்தி, புளிச்சோறும் தயிர்ச்சோறும் போதாதா? அஞ்சு தினுசு ஆக்கறியே, பீச்சுக்குப் போறமா, வளைகாப்புக்குப் போறமா?"

அரிசிப் பானையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்த செவ்வந்தியின் கண் அங்கேதான் போனது. "மணலூர்பேட்டைக்காரங்க வராங்களே அண்ணி. மொத மொதல்ல நம்ம கையால சாப்பிடப் போறாங்க" என்று எப்படியோ சமாளித்தாள்.

அதுவும் பொய்யில்லை. மகன் சின்னதுரைக்குப் பெண் கொடுப்பதாக இருந்த மணலூர்பேட்டைக் குடும்பமும் கடற்கரைக்கு வருவதாகப் பேச்சு. சின்னதுரை கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறவன், கெட்ட பழக்கம் கிடையாது. இருந்தும் என்ன? வந்த இரண்டு சம்பந்தமும் 'தங்கச்சி ஓடிப்போன வூடு' என்று கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டன. இதாவது அமையட்டும் என்று செவ்வந்தியும் வேண்டாத சாமி இல்லை.

குஞ்சம்மாள் தூக்குகளை விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாள். "கொளஞ்சியோட பழைய துணி ஏதாவது வச்சிக்கினு இருக்கியா?"

அந்தப் பெயர்! அந்த வீட்டுக்குள்ளே, அதுவும் குஞ்சம்மாள் வாயிலிருந்து! கல்யாணம் வருகிறது, கூடப் பிறந்தவளை விட்டுவிட்டு எப்படி என்று யோசித்திருப்பார்கள், அவளுக்குப் பிடித்த கலரில் புடவை எடுக்க மாதிரித் துணி கேட்கிறார்கள் என்று செவ்வந்தியின் பேதை மனசு ஒரு நொடியில் எங்கெங்கோ போய்வந்தது. ஓடிப்போய் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து, யாருக்கும் தெரியாமல் மடித்து வைத்திருந்த மாம்பழக் கலர் தாவணியை எடுத்துவந்து தன் கையாலேயே கொடுத்தாள்.

"எதுக்கு அண்ணி?"

"கடல்ல வுடத்தான்" என்றாள் குஞ்சம்மாள். மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துத் தாவணிமேல் வைத்து முடிந்தாள். பொட்டலத்தின் ஓட்டை வழியே கறுப்பு எள் நாலைந்து தரையில் சிந்தியது. "பொண்ணு வூட்டுக்காரங்க கண்டிசனா சொல்லிட்டாங்க. அவங்க கண்ணு எதிர்ல எள்ளும் தண்ணியும் எறைச்சி, துணிய கடல்ல வுட்டு, தலை முழுவிடணும். அவ செத்தவன்னு ஆயிடணும். ஆயிட்டா அங்கியே கரையில வெத்தல பாக்கு மாத்திக்கறாங்க. உங்கிட்ட முன்னாடியே சொன்னா ஒப்பாரி வெப்பேன்னுதான் தம்பி சொல்லல."

செவ்வந்தி தாவணியைப் பிடுங்கப் போனாள். குஞ்சம்மாள் முடிச்சைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சத்தம் கேட்டுப் பிச்சைமுத்து உள்ளே வந்தார்.

"இன்னாங்க இது? உசுரோட இருக்கற புள்ளைக்கு எள்ளு எறைப்பாங்களா? உங்களுக்கு எப்பிடிங்க மனசு வந்துச்சி?"

"எனக்குப் பொண்ணு இல்லமே." அவர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "இருக்கறது ஒரு புள்ள. அவனாவது குடும்பமா இருக்கட்டும். வாய மூடிகினு வேன்ல ஏறு."

அழக்கூட நேரமில்லை. நாளைக்கு அந்த மணலில் கொளஞ்சி நிற்பாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு, அம்மா வருவாள், வளையல் போடுவாள் என்று ஆசை ஆசையாக வந்து நிற்பாள். அப்பன் அவளுக்கே எள் இறைப்பதைக் கண்ணால் பார்ப்பாள். ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி அதைத் தாங்குவாளா? வரச் சொன்னது யார்? செவ்வந்திதானே!

உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு ரஜியா கடைக்கு ஓடினாள். மூச்சிரைத்தபடி வந்தவளைப் பார்த்து ரஜியா ஒன்றும் கேட்காமல் போனைப் போட்டுக் கொடுத்தாள்.

"அம்மா! நானே ரஜியாக்காவுக்குப் போடலாம்னு இருந்தேன்" என்று கொளஞ்சி எடுத்ததுமே படபடவென்று பேசினாள். "அப்பா இன்னா கலரு சட்ட போட்டுகினு வருவாரு? கூட்டத்துல அடையாளம் தெரியணும்ல?"

"நீ வராதடி."

"ஏம்மா?"

"அப்பாவுக்கு ஒடம்பு முடியல. பயணத்த நிறுத்தியாச்சி."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய தப்பு செய்தோம் என்று புரிந்தது. அந்தப் பக்கம் கொளஞ்சி கத்தினாள். "ஐயோ, அப்பாவுக்கு இன்னாம்மா? நான் காலையில மொத பஸ்ஸுக்கே வந்துடறேன். அடிச்சாலும் சரி, தொரத்துனாலும் சரி, பாத்துட்டுத்தான் போவேன்."

இங்கே வந்தால்? குஞ்சம்மாளின் பிள்ளைகள் கை நீட்டுவதில் பேர்போனவர்கள். வேறு வழியில்லை, செவ்வந்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எள்ளை, மணலூர்பேட்டைக்காரர்களை, தாவணியை.

வைத்துவிட்டாளோ என்று செவ்வந்தி இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அந்தத் தாவணி அவங்களுக்கு எப்பிடிம்மா கெடச்சிது?"

"நான்தாண்டி எடுத்துக் குடுத்தேன். தெரியாம குடுத்துட்டேண்டி."

பிறகு கொளஞ்சி பேசினாள். அழுகிற குரலாக இருந்திருந்தால்கூடத் தேவலை. "பரவால்லம்மா. அண்ணனுக்கு ஆவும்னா எறைச்சிட்டுப் போவட்டும். நான் தூரமா, கூட்டத்தோட கூட்டமா முக்காடு போட்டுகினு நிக்கறேன். அப்பா முழுவி எழுந்து தலைய தொவட்டுவாரு இல்ல, அப்ப ஒரு தடவ மொகத்த பாத்துட்டு வந்துடறேன். எவ்ளோ நாளாவுது அவர பாத்து!"

செவ்வந்தி கடைப்பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நீ எங்கியும் நிக்கக் கூடாது. அந்தப் பக்கமே தலை வெக்கக் கூடாது, எம்மேல சத்தியம்! வூட்டுலயே இரு. நாளைக்கு நான் அங்க வரேன்."

"இங்கியா? அப்பா?"

"நான் வரேன்னு சொல்றேன் இல்ல."

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் சின்னதுரை புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். காலரை மடித்து மடித்துத் தேய்த்தான். பெண்ணை இன்னும் நேரில் பார்க்கவில்லை, நாளைக்குத்தான் பார்க்கப் போகிறான். முகத்தில் அப்படி ஒரு களை! செவ்வந்தி வாசற்படியிலேயே நின்று அவனைப் பார்த்தாள். ஒருத்தியைச் சாகக் கொடுத்துத்தான் இன்னொருத்தன் வாழவேண்டும் என்று எவன் எழுதி வைத்தான்? அவன் என்ன பாவம் செய்தான்? அவள்தான் என்ன பாவம் செய்தாள்?

யாரிடமும் ஒன்றும் பேசாமல், விடிவதற்கு முன்னால் எழுந்து அஞ்சு தினுசும் ஆக்கி முடித்தாள். அரிசிப் பானையில் கைவிட்டு வளையல் முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வேன் மெயின் ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே நின்றது. குஞ்சம்மாள் முன்சீட்டைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். பிச்சைமுத்து எள்ளும் தாவணியும் வைத்துக் கட்டிய முடிச்சை மடியில் வைத்திருந்தார். "தூக்க இப்பிடிக் குடும்மா" என்று சின்னதுரை கையை நீட்டினான்.

செவ்வந்தி கொடுக்கவில்லை. தூக்குகள் அடுக்கிய கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். விருத்தாசலம் போகிற பஸ் வருகிற நேரம். அங்கே இறங்கினால் கடலூருக்கு வேறு பஸ் இருக்கிறது.

"எங்கமே போற?" பிச்சைமுத்து கத்தினார்.

"எம்பொண்ணு வூட்டுக்கு."

சின்னதுரை ஓடிவந்து கூடையைப் பிடித்தான். "யம்மா, அசிங்கப்படுத்தாதம்மா. இதுவும் போச்சின்னா எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அவ மட்டும்தான் உனக்குப் புள்ளையா?"

"நீயும்தாண்டா என் புள்ள. உனக்காவ எங்கிட்ட எது வேணும்னாலும் கேளு, தரேன். அவள கேக்காத."

அவன் கையை எடுத்துவிட்டான். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அதற்குள் பஸ் வந்து நின்றது. கூடையை உள்ளே ஏற்றிவிட்டு அவள் படியில் கால் வைக்கும்போது, பிச்சைமுத்து முடிச்சைக் கையில் பிடித்தபடியே வந்து சேர்ந்தார்.

"ஏறாத, சொல்லிட்டேன். ஏறுன, அவளுக்கு எறைக்கறப்ப உனக்கும் சேத்துதான் எள்ளு எறைப்பேன்!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். செவ்வந்தி திரும்பினாள். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்து அவள் பேசியது அன்றைக்குத்தான்.

"எறைங்க. ஏழு மாசப் புள்ளத்தாச்சி, அவள தனியாவா அனுப்புவீங்க? தொணைக்கு நான் போறேன்."

செவ்வந்தி மேல்படியில் ஏறிக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.