திரைக்குப் பின்னால் யாரும் குடியில்லை

வக்கீல் சுயம்புலிங்கம் லைசென்ஸ் ஆபீஸிலிருந்து வாங்கிவந்த தாள்களை மேசையில் பரப்பியபோது, முத்தாத்தாளின் கண்ணில் முதலில் பட்டது தன் கையெழுத்துதான். எல்லாத் தாளின் அடியிலும் இருந்தது. பழைய தாள்களில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நடுங்கின. போகப்போக நிமிர்ந்து, கடைசி நாலைந்தில் வாத்தியார் எழுதியதுபோல் இருந்தது. ஒரு கணம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வந்த காரியம் என்ன, பெருமைப்படுகிற காரியம் என்ன என்று பிறகுதான் உறைத்தது.

"இதெல்லாம் நீங்க போட்டதுதானம்மா?"

"ஆமாய்யா. நாந்தான் போட்டேன்."

"கெடைச்சது பதினாறு. பதினாறு வருசமா, டாக்கீஸ்ல திரைக்குப் பின்னால யாரும் குடியில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீய. இப்ப வந்து, முப்பத்திமூணு வருசமா அங்கதான் குடியிருக்கேன், காலி பண்ணச் சொல்லுதாவன்னு கேஸ் போடணுங்கீய. நான் எதைக் காட்டிப் பேச?"

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். சன்னலுக்கு வெளியே ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் யாரோ வத்திராயிருப்பு, வத்திராயிருப்பு என்று கூவிக்கொண்டிருந்தான். வத்திராயிருப்பில்தான் மகள் கருத்தம்மா இருந்தாள், ஒரே அறையில், மாமியார் மாமனார் பிள்ளைகள் என்று ஏழு பேராக. அங்கே போய் நின்றால் எட்டாவது ஆளுக்குக் கால் நீட்டவும் இடமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் போகிற வழியில் இருக்கும் வேணுகானம் டாக்கீஸ், டாக்கீஸாக ஆவதற்கு முன் சங்கீத சபாவாக இருந்தது. பெரிய முதலாளியின் அப்பா பாட்டுப் பைத்தியம். மேடைக்கு அடியில் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, மேலே தேக்குப் பலகை பரப்பினார். பாடுகிறவர் மூச்சு விட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்பார்கள். கச்சேரிக்கு ஆள் குறைந்ததும் நாடகம் வந்தது. நாடகத்துக்கும் ஆள் குறைந்ததும், ஐம்பத்தெட்டில் மேடை முகப்பில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி சினிமா காட்டினார்கள். மேடையை இடிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். நாடகத்தில் சீன் படுதா இழுத்த தனுஷ்கோடிக்கு இழுக்கப் படுதா இல்லாமல் போனது. பாவம் பார்த்து, போஸ்டர் ஒட்டுகிற வேலையும், திரைக்குப் பின்னால், மேடைப் பக்கம் சுவரில்லாமல் திறந்து கிடந்த வேஷம் கட்டுகிற அறையும் கொடுத்தார் பெரிய முதலாளி. "இருக்கிற வரைக்கும் இருந்துக்கோ" என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. முத்தாத்தாள் பதினெட்டு வயதில் அவனுக்கு வாக்கப்பட்டு வன்னியம்பட்டியிலிருந்து வந்தது அந்த அறைக்குத்தான்.

அவள் பார்த்த படமெல்லாம் பின்பக்கத்துப் படம். எழுத்துகள் இடம் வலம் மாறியிருக்கும். கத்தி பிடிக்கிறவன் எல்லாம் இடக்கைக்காரன். படம் ஓடும்போது அடுப்பு மூட்டக்கூடாது. தீ திரையில் தெரிந்துவிடும். இரண்டு காட்சிக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் அவசரமாகச் சோறு வடித்து, பிறகு இருட்டில் சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள். குழந்தை அழுதால் வாயைப் பொத்திக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடுவாள். அதைக் கஷ்டம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தலைக்கு மேல் ஓடு இருந்தது, அது போதும் என்று இருந்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிக்க அதிகாரிகள் வருவார்கள். தியேட்டருக்குள் யாரும் குடியிருக்கக்கூடாது, தீப்பிடித்தால் வம்பு என்பது சட்டம். முந்தின நாள் மேனேஜர் ஐயாதுரை வந்து கதவருகே நின்று, "முத்தாத்தா, நாளைக்கு வாராவ" என்பார். அவ்வளவு போதும். அடுப்பு, பானை, பாய், கொடியில் கிடந்த துணி, சாமி படம் எல்லாம் சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்துக்குப் போய்விடும். புகை படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். வாசல் கோலத்தைத் தேய்த்துக் கழுவுவாள். விடிந்தால் அந்த அறையில் ஒரு கருவேப்பிலைக் காம்பு இருக்காது. பிறகு, கூட்டிப் பெருக்கும் பணியாளாகிய நான் என்று தொடங்குகிற தாளில் கையெழுத்துப் போடுவாள். தோட்டக்காரனும் வாட்ச்மேனும் கைநாட்டு வைக்க, அவள் மட்டும் எழுதுவாள். தனுஷ்கோடி சொல்லிக்கொடுத்தது. ஒருமுறை வந்த அதிகாரி மூக்கை உறிஞ்சி, கருவாட்டு வாசனை வருதே என்றபோது, பக்கத்து வீட்டுலய்யா என்று இவள் சொன்ன வேகத்தை ஐயாதுரை வருஷக்கணக்கில் மெச்சிக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டைக்கூட அவர் வீட்டு விலாசத்தில்தான் வாங்கியிருந்தார்கள். முதலாளிக்கு ஒரு குறை வந்துவிடக்கூடாது. அவள் கவலையெல்லாம் அதுதான்.

வக்கீலின் மேசையில் ஒரு தாளில் மட்டும் கையெழுத்து கோணியிருந்தது. எண்பத்தாறு. தனுஷ்கோடி இறந்த வருஷம். இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் காலையில் படுத்த பாயிலேயே போய்விட்டான். அந்தப் பாயோடு தூக்கி சைக்கிள் ஸ்டாண்டில் போட்டு, போஸ்டர் ஒட்டிவிட்டு வந்தவன் விழுந்து செத்தான் என்று சொன்னார்கள். அவளும் அப்படித்தான் சொல்லி அழுதாள். மறுநாள் தலை ஈரம் காயாமல் வந்து அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, ஐயாதுரை நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். அதை வக்கீலிடம் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும்.

ஊர் திரும்பியதும் நேரே ஐயாதுரையிடம் போனாள். சின்ன முதலாளி டாக்கீஸைக் கல்யாண மண்டபமாக்குகிறவர்களுக்கு விற்றுவிட்டார். மண்டபத்திலும் மேனேஜர் வேலை அவருக்குத்தான் என்று பேச்சு.

"அண்ணாச்சி, நான் அங்கதான் இருந்தேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"எப்படிச் சொல்லச் சொல்லுத? சாட்சின்னு ஒன் கையெழுத்துக்குக் கீழ நானும்தான போட்டிருக்கேன். ரெண்டு பேரும் பொய் சொன்னோம்னு ஆயிரும் முத்தாத்தா." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்திரு. மானமாப் போயிரு" என்றார்.

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தன் வீட்டைத் தானே வருஷா வருஷம் கழுவித் துடைத்து இல்லாமல் ஆக்கியிருக்கிறாள். வேறு யாரைத் திட்டுவது?

வெள்ளிக்கிழமைவரை அவர்கள் பொறுக்கவில்லை. வியாழன் காலையில் அவள் அடுப்பில் உலை வைத்து அரிசி போட்டிருந்தபோது, அந்தப் பக்கம் கயிறு அறுபடுகிற சத்தம் கேட்டது. திரை ஒரு பக்கமாகச் சரிந்து, பிறகு முழுக்கக் கீழே விழுந்தது. புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியபோது, அவள் வீட்டு வாசலுக்கு எதிரே எழுநூறு நாற்காலிகள் அவளைப் பார்த்தபடி இருந்தன. முப்பத்திமூன்று வருஷத்தில் தன் வாசலில் நின்று அவற்றை நேருக்கு நேராக அவள் பார்த்தது அன்றுதான். முன்வரிசையில் இடிக்க வந்த ஆட்கள் ஏழெட்டுப் பேர் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கொடியில் அவள் சேலை, மூலையில் பாய், எரிகிற அடுப்பு, எல்லாம் மேடையில் வைத்ததுபோல் அவர்கள் முன்னால் இருந்தன. மறைக்க ஒரு துணி இல்லை.

அவர்களில் வயதான கொத்தனார் ஒருவர் கையில் எடுத்த கவளத்தை வாளியிலேயே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"ஏந்தாயி, இங்ஙனயா குடியிருக்கீய?"

இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவர் கேட்டு, மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது அதுவே முதல் தடவை. முத்தாத்தாள் சட்டென்று எழுந்து, கொடியிலிருந்த சேலையை உருவிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இல்லய்யா" என்றாள். "நான் கூட்டுத வேலைக்கு வந்தவ."

பின்னால் அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.