நான்தான் கேட்டனான்

1

"லதீஸ், என்னைக் கலியாணம் கட்டு."

கதை இந்த வசனத்தில்தான் தொடங்க வேண்டும். இதை எந்தக் காலத்திலும் கேட்டுவிடக் கூடாது என்று எனக்கு மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். பொம்பிளைப் பிள்ளை வாய் திறந்து கேட்கிற விஷயமா இது என்றார் அம்மா. நிரந்தர விசா இல்லாத பெடியனிடம் கேட்டால் அவன் ஓம் என்றாலும் பழி, இல்லை என்றாலும் பழி என்றார் நேசமலர் அன்ரி. மூன்றாவது ஆள் லதீஸ். போன வருடம் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேசன் மேடையில், நான் வாயைத் திறந்ததுமே, "அதை மட்டும் கேக்காதை நிரூ" என்றான். உண்மையில் நான் அப்போது கேட்க வந்தது, கொத்துரொட்டி சாப்பிடுவோமா என்று.

இந்தக் கதை பிறந்ததும் அவனால்தான். "எழுது பாப்பம்" என்று சவால் விட்டான். அது எங்கே, ஏன் என்பது பின்னால் வரும். அதற்கு முன் ஓர் ஒழுங்கு செய்துகொள்கிறேன். இனி 'நான்' இல்லை, 'நிரூபா'. நிரூபா நான்தான், நீங்கள் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட அதில் ஒன்றுமில்லை. 'நான்' என்று எழுதினால் கத்துகிறேன். 'அவள்' என்று எழுதினால் கொஞ்சமாவது மனிதரோடு பேசுகிற மாதிரி வருகிறது. பெயர்கள் எல்லாம் மாற்றியவை. மற்றவர்களுடையதை மரியாதைக்காக மாற்றினேன். அவனுடையதைப் பயத்தில் மாற்றினேன்.

2

முதல் தொடக்கம்: "ஆகஸ்ட் மாதக் குளிரில் சிட்னியின் நார்த்மீட் மெல்ல விடிந்துகொண்டிருந்தது, அப்போது..."

(விட்டுவிட்டேன். எந்த ஊரும் விடிந்துகொண்டுதான் இருக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: "ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பவள்..."

(இதையும் விட்டேன். சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கறுப்பு அங்கி போட்ட அந்தப் படம் வரவேற்பறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் இரண்டையும் கும்பிடாத குறை. அதைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டேன்.)

மூன்றாம் தொடக்கம். இது நிற்கட்டும்.

பக்கத்து வீட்டு ஞானேந்திரன் அங்கிள் ஒரு கேம்பர்வான் வாங்கினார். உள்ளே மடக்குக் கட்டில், காஸ் அடுப்பு, கையால் அடிக்கிற பம்பு வைத்த சின்னத் தொட்டி, முன்கண்ணாடிக்குக் கீழே பசை போட்டு ஒட்டிய மாதா சுரூபம். ஓய்வு பெற்றதும் அவுஸ்திரேலியாவை ஒரு சுற்றுச் சுற்றுவது திட்டம். பக்கத்திலிருக்கிற கட்டூம்பா வரைக்கும் சுற்றினார், முழங்கால் கைவிட்டுவிட்டது. வான் முற்றத்தில் நின்று தூசி பிடித்தது. மெல்பேர்ன் பக்கம் கிரெய்கிபர்னில் இருக்கிற மகள் கஜந்தி தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வைத்தபோது, வானை அவளுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவானது. அங்கிள் விமானத்தில் போவார். அவருடைய மனைவி நேசமலர் அன்ரிக்கு விமானம் ஏறினால் காது அடைக்கும், ஆகவே அவர் வானில். ஓட்டுவது லதீஸ், அவர்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்து, வீடுகளுக்கு ஓடு பதிக்கிற வேலை செய்பவன்.

"அப்பிடியே கஜந்தியின்ரை பாத்ரூமுக்கு ரைலும் பதிச்சுக் குடுத்திட்டு வாவன் தம்பி" என்றார் அங்கிள், ஏதோ வழியில் பால் வாங்கிவரச் சொல்வதுபோல.

நிரூபாவுக்குத் துணை அன்ரி என்று நிரூபாவின் அம்மாவுக்குச் சொல்லப்பட்டது. அன்ரிக்குத் துணை நிரூபா என்று அன்ரிக்குச் சொல்லப்பட்டது. லதீஸுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தார்கள்.

3

நெடுஞ்சாலையில் நேரே போனால் ஒரே பகலில் மெல்பேர்ன். நிரூபா வேறு பாதை போட்டாள்: பாதர்ஸ்ட், ஒரேஞ்ச், வாகா வாகா, ஓல்பரி. ஒவ்வொன்றிலும் ஒரு பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. ஒன்றை விட்டால் அடுத்தது அயல் என்று சொல்லலாம், இந்த நாட்டு அயலின் கணக்கில்.

பன்னிரண்டாம் வகுப்பில், பள்ளி நூலகத்தில் இரண்டு கதிரைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு இருவரும் விண்ணப்பித்தபோது, லதீஸ் இந்த ஊர்களைத்தான் வரிசையாகப் போட்டிருந்தான். கணக்கில் அவன்தான் கெட்டிக்காரன். இடமும் கிடைத்தது. அதன் பிறகு விசாவைப் பார்த்தார்கள். தற்காலிக விசா என்றால் வெளிநாட்டு மாணவர் கட்டணம், பல மடங்கு அதிகம் என்றார்கள். அதோடு முடிந்தது.

நிரூபாவின் அப்பா வந்த படகு முந்தியது. அவருக்கு நிரந்தர விசா கிடைத்து, மனைவியையும் மகளையும் விமானத்தில் எடுப்பித்தார். லதீஸ் தன் மாமாவோடு வந்த படகு பிந்தியது. அதற்குள் படகில் வருகிறவர்களுக்கு நிரந்தர விசா இல்லை என்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள். அவள் பட்டதாரி, அவன் ரைல் பதிக்கிறான். இரண்டு பேருக்கும் வேறு என்ன வித்தியாசம் என்று நானும் தேடிப் பார்க்கிறேன்...

(இந்த வசனத்தை முடிக்கப் போனால் 'நான்' வந்து கத்தும். விடுகிறேன்.)

அன்ரிக்கு, வழி முழுக்கப் பழைய தேவாலயங்கள் என்று சொல்லப்பட்டது. அது பொய்யில்லை. ஊருக்கு ஊர் அன்ரியைத் தேவாலய வாசலில் இறக்கிவிடுவார்கள். அவர் உள்ளே ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லி முடிப்பதற்குள் இவர்கள் வளாகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். அந்தப் பயணத்தில் நிரூபாவுக்குக் கிடைத்த நேரத்தின் அளவு அதுதான்: ஒரு செபமாலை.

பாதர்ஸ்டில் ஒரு விரிவுரை மண்டபம் திறந்து கிடந்தது. லதீஸ் உள்ளே போய் முன்வரிசையில் இருந்தான். கதிரையோடு பொருத்திய சின்ன மேசைப்பலகையை விரித்தான், மடக்கினான், திரும்ப விரித்தான்.

"முதுகிலை குத்துது. இப்பிடிக் கதிரையிலையோ நீ மூண்டு வருசம் இருந்தனீ?"

"பின்வரிசையிலை நித்திரை கொண்டனான்."

"நானெண்டா முன்வரிசைதான்."

"தெரியும். கேள்விக்குக் கேள்வி கையும் தூக்குவாய். ஒரு சனத்துக்கும் உன்னைப் பிடிச்சிருக்காது."

"உனக்கு?"

நிரூபாவும் தன் மேசைப்பலகையை விரித்தாள். வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருவரும் இருந்தார்கள்.

(முதல் பிரதியில் இந்த இடத்தில் அவனை அழவைத்திருந்தேன். அவன் அழவில்லை. கரும்பலகையும் இல்லை, வெள்ளைத் திரைதான் இருந்தது. கரும்பலகை என்றால் ஏக்கம் நன்றாக ஒட்டும் என்று போட்டேன். இனி இப்படிச் செய்யமாட்டேன். இந்தக் கதையில் ஒரு பொய் இருந்தாலும் அவனுக்குத்தான் அடி விழும்.)

4

வாகா வாகாவில் அன்று ஓப்பன் டே. புதிதாகச் சேரப் போகிறவர்கள் வந்து பார்க்கிற நாள். தேவாலய வாசலில் அன்ரி இறங்கும்போது கைப்பையில் செபமாலையைத் துழாவிக்கொண்டே சொன்னார்:

"இண்டைக்கு நான் நூற்றைம்பத்துமூண்டு மணிச் செபம் சொல்லப்போறன். ஆறுதலா வாங்கோ."

மூன்று செபமாலை நேரம். கேட்காதே என்று சொன்ன அதே அன்ரி. நிரூபா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் படிகளைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தார்.

வளாகத்தில் கூடாரங்கள், பலூன்கள், பாண்துண்டில் சுற்றிய சொசேஜ். அந்தப் பக்கம் வேலிக்குள் உண்மையான மாடுகள். மிருக வைத்தியம் அங்கேதான் படிப்பிக்கிறார்கள். லதீஸ் முதலாவதாகப் போட்டிருந்தது அதைத்தான். சிவப்பு ரீசேர்ட் போட்ட ஒரு பிள்ளை சிரித்தபடி ஓடிவந்து அவனிடம் துணிப்பை ஒன்றைக் கொடுத்து, ஆங்கிலத்தில் கேட்டாள்: உள்நாட்டு மாணவரா, வெளிநாட்டு மாணவரா?

"அயல்வீடு" என்றான் லதீஸ், அதுவும் ஆங்கிலத்தில்.

அவளுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தாள். அவனும் சிரித்தான். சொசேஜை வாங்கிக்கொண்டு வேலியோரம் போய் நின்றான். ஒரு மாடு தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. அவன் அதன் காலைப் பார்த்தான்.

"முன்னங்கால் நோகுது அதுக்கு. பார், பாரத்தை மற்றக் காலிலை போடுது."

அப்போதுதான் நிரூபா கேட்டாள். திட்டம் போட்டு அல்ல. முதலாம் பகுதியின் முதல் வசனம். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவன் திரும்பவில்லை.

"சோஸ் வடியுது" என்றான்.

"துடை. துடைச்சுப்போட்டுச் சொல்லு."

"அதைக் கேக்காதை எண்டு சொன்னனான்."

"கேட்டிட்டன்."

கடதாசியால் சோஸைத் துடைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நிரூ, நான் கேக்காமல் இருக்கிறதுக்கு எவ்வளவு பாடுபடுறன் எண்டு உனக்குத் தெரியுமோ?"

(இந்த வரியில் நான் கை வைக்கவில்லை. அவன் சொன்னபடியே.)

"அப்ப ஓமெண்டு சொல்லன்."

"சொன்னா? நாளைக்கு நார்த்மீட் முழுக்க என்ன கதை? விசாவுக்காகப் பெட்டையைப் பிடிச்சிட்டான்."

"கட்டினாலும் உனக்கு விசா வராது. லோயர் சொல்லிட்டார்தானே."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், லோயருக்குத் தெரியும். நாளைக்கு என்னைத் திருப்பி அனுப்பினா?"

"அனுப்பட்டும். அனுப்பிறவரைக்கும்?"

அவன் துணிப்பையை மடித்து மடித்துச் சின்னதாக்கினான்.

"நான்தான் கேட்டனான் எண்டு எல்லாருக்கும் சொல்லுவன்" என்றாள் நிரூபா.

"ஆர் நம்புவினம்? அவனைக் காப்பாத்தச் சொல்லுறாள் எண்டுவினம்."

"எழுதிறன். அச்சிலை வரட்டும்."

"எழுது பாப்பம். கதை எண்டு சொல்லிப்போடுவினம்." சிரித்தான். "என்ரை அகதி இன்ரவியூவிலை நான் சொன்னதையும் அப்பிடித்தானே சொன்னவை. நல்ல கதை, ஆனா நம்பக்கூடியதா இல்லை எண்டு."

5

ஆகவே என் சிக்கல் உங்களுக்கு விளங்கும். இது சாட்சி. ஆனால் சாட்சிக்காரியின் பெயர் பொய், அவனுடைய பெயர் பொய். உண்மைப் பெயரைப் போட்டால் வாசிக்கக் கூடாதவர்களும் வாசிப்பார்கள். போடாவிட்டால் கதை.

இன்னொரு சந்தேகம். லதீஸ் அளவுக்கு மீறி நல்லவனாக வந்துவிட்டான். நல்லவனாக இருந்தால்தான் இரங்குவீர்கள் என்று என் கை தானாக எழுதுகிறது. சரி, கேளுங்கள். கோபம் வந்தால் நாட்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வராது. ஒரேஞ்சில் இரவு சீட்டு விளையாடும்போது களவு செய்து, அன்ரியிடம் பிடிபட்டு, "மாதா பாக்கிறா" என்று பேச்சு வாங்கினான். வாகாவுக்குப் பிறகு ஓல்பரி வரைக்கும் ஒரு சொல் பேசாமல் வானை ஓட்டினான். ஆற்றைக் கடந்து விக்டோரியா மாநிலத்துக்குள் போனபோது, பின்னால் மடக்குக் கட்டிலில் கிடந்த அன்ரி, "என்ன ரெண்டு பேரும் வாயிலை ரைல் பதிச்சுப்போட்டீங்களோ?" என்று கேட்டார்.

இப்படிப்பட்ட ஒருத்தனைத்தான் அவள் கேட்டாள். நல்லவன் என்பதால் அல்ல. பாதர்ஸ்ட் மண்டபத்தில் அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபோது, மூன்று வருடப் படிப்பு முழுக்கத் தன் பக்கத்தில் என்ன இல்லாமல் இருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால்.

6

முடிவுகள்.

(அ) லதீஸ் ஓம் என்கிறான். வாகாவில் ஒரு சின்ன வீடு. அவன் முன்வரிசையில்... நிறுத்துகிறேன். இது என் ஆசை, முடிவு அல்ல.

(ஆ) லதீஸ் இல்லை என்கிறான். ரைல் வேலை முடிந்ததும் ரெயில் ஏறுகிறான். நிரூபா, அம்மா பார்த்த ஒருவரை... இதை முடிக்க எனக்கு வாய் வரவில்லை. கையும்.

(இ) ஒரு நாள் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். நல்லதோ கெட்டதோ, கதையை அது முடித்துவைக்கிறது. இதுதான் எனக்கு ஆகக் கூடிய ஆத்திரத்தைத் தருகிறது. அவர்கள் இதுவரை எங்களுக்குள் முடித்துவைத்தது போதும்.

மூன்றையும் வெட்டினேன். அவன் வாயில் ஒரு பதிலை வைக்க எனக்கு உரிமை இல்லை. இந்த நாட்டில் இறங்கிய நாள் தொடக்கம், அவன் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஒரு மாதிரிச் சொன்னார், அதிகாரி ஒரு மாதிரி எழுதினார், லோயர் ஒரு மாதிரித் திருத்தினார். நானும் ஒரு பேனையைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் போய் நிற்கமாட்டேன்.

7

இதை எழுதுவது கிரெய்கிபர்னில், கஜந்தி வீட்டுக் குசினி மேசையில். இன்று ஞானஸ்நானம் முடிந்து விருந்து. கூடத்தில் நாற்பது சனம். சிட்னியிலிருந்து வந்த அம்மா அதற்குள் இருக்கிறார், அங்கிள் இருக்கிறார், நார்த்மீட்டின் பாதி இருக்கிறது. பாத்ரூம் ரைலைப் பார்த்துவிட்டு வருகிற ஒவ்வொருவரும் "ஆர் செய்தது? நல்ல வடிவு" என்கிறார்கள். செய்தவன் வெளியே, வான் படியில் குந்தியிருந்து தட்டில் சாப்பிடுகிறான். உள்ளே வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை என்றில்லை. இரண்டாம் தரம் கூப்பிடவில்லை.

அச்சில் வந்தால் கதை என்பார்கள். சரி. காதால் கேட்டதை என்ன என்பார்கள்?

நிரூபா எழும்புகிறாள். அவன் இல்லை என்றால், இல்லை என்பதும் எல்லாருக்கும் கேட்கட்டும். அந்த வெட்கம் அவளுடையது; அவள்தானே கேட்டவள்.

"எங்கை பிள்ளை போறாய்?" அம்மா. "கேக் வெட்டப் போயினம்."

"வெட்டுங்கோ அம்மா. போட்டு வாறன்."

நேசமலர் அன்ரி அவளைப் பார்க்கிறார். கையில் பேரப்பிள்ளை. ஒன்றும் சொல்லாமல் சுவரோரம் போய், பாட்டுப் போகிற பெட்டியின் சத்தத்தைக் குறைக்கிறார்.

"கதவைச் சாத்திப்போட்டுப் போ, குளிர் வருது!" கூடத்தில் யாரோ.

இதற்குமேல் எழுத இந்த மேசையில் ஆள் இல்லை. ஆனால் நீங்கள் கூடத்தில்தான் இருக்கிறீர்கள், கேக்குக்குப் பக்கத்தில். அவள் கேட்கப்போவது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவன் சொல்வதை நீங்களே கேட்டு, நீங்களே சாட்சி சொல்லுங்கள்.

நிரூபா வெளியே போகிறாள். கதவைச் சாத்தவில்லை.