ஃபின்டன் ஓ'மாராவின் ஆடு

ஃபின்டன் ஓ'மாராவைக் கொன்றுவிடுவது என்று ஸ்வீட்டி முடிவு செய்தது, பங்காருபேட்டையைத் தாண்டி ரயில் வேகமெடுத்த ஒரு காலை நேரத்தில். மனசாட்சி உறுத்தவில்லையா என்றால், எதற்கு உறுத்த வேண்டும்? அந்த ஆளைப் பெற்றவளே அவள்தான்.

கோலார் தங்கவயலின் ஊரிகத்திலிருந்து தினமும் பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் ஸ்வீட்டி, போகிற வழியில் போனிலேயே ஆங்கிலத்தில் ஒரு குழந்தைக் கதை எழுதினாள். மூடிப்போன தங்கச் சுரங்கத்துக்குள் லெவல் லெவலாகக் குடியிருக்கும் முழங்கால் உயரக் குட்டிச்சாத்தான்களின் கதை. பதிப்பாளர் டைட்டஸ் படித்துவிட்டு, கதை பிரமாதம், உன் பெயர்தான் பேக்கரி போர்டு மாதிரி இருக்கிறது என்றார். மாயாஜாலக் கதையை அயர்லாந்துக்காரன் எழுதினால்தான் ஜனங்கள் வாங்குவார்களாம். மூன்று புத்தகம் ஓர் அயர்லாந்துப் பெயரில் வரட்டும், நாலாவதில் உன் பெயரைப் போடுகிறேன், அதுவரை நீ வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி ஒப்பந்தத்தை நீட்டினார். புத்தகம் வந்தால் போதும் என்றிருந்தவள் கையெழுத்துப் போட்டாள்.

பின்னட்டைக்கு ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பையும் அவளே எழுத வேண்டியதாயிற்று. அயர்லாந்தை அவள் எங்கே கண்டாள்? வீட்டில் இருந்ததைப் போட்டுக் குழம்பு வைத்தாள். மேற்குக் கடற்கரையில் மழைக்கு ஒழுகும் கல்வீடு. ஒழுகுவது என்னவோ ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் தகரக் கூரைதான். சுரங்கத் தொழிலாளியான அப்பா; அவர் அச்சு அசல் இவளுடைய அப்பா. இளமையில் மீன் மார்க்கெட்டில் கணக்கெழுதிப் பிழைத்தது. அதில் மீன் மட்டும்தான் கற்பனை. போட்டோ எடுக்க விடமாட்டார், கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார், துணைக்கு ஒரே ஒரு கிழட்டு ஆடு. அதன் பெயர் பெலிண்டா.

அந்த ஆட்டை எழுதும்போது மட்டும் அவளுக்குக் கை தானாக ஓடியது. பெலிண்டாவுக்குக் கோபம் வந்தால் சுவரைப் பார்த்து நின்றுகொள்ளும். ரொட்டியில் கருகிய ஓரத்தை மட்டும்தான் தின்னும். கழுத்து மணியை ஷூ லேஸில் கட்டித் தொங்கவிட்டிருக்கும். வேதப்புத்தகத்துக்குப் பின்னால் மிட்டாயை ஒளித்துவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல ஜன்னலைப் பார்க்கும். பிள்ளைகள் கதையைவிட அந்தப் பின்னட்டையைத்தான் விழுந்து விழுந்து படித்தார்கள்.

மூன்று புத்தகமும் சக்கைப்போடு போட்டன. நாலாவதை எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் பெயரை நினைவூட்டியபோது டைட்டஸ் தலையைச் சொறிந்தார். "ஃபின்டனுக்கு வாசகர்கள் இருக்காங்கம்மா. ஸ்வீட்டிக்கு யார் இருக்காங்க?" என்றார்.

அன்று ரயிலில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று பிள்ளை பெற்றும் ஒன்றுகூட அவளை அம்மா என்று கூப்பிடவில்லையே. மறுநாள் காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொலைக்குத் தயாரானாள். இணையத்தில் ஃபின்டனின் பக்கத்தை நடத்துவதும் அவள்தான். மழையில் பெலிண்டாவைத் துரத்திக்கொண்டு போனவர் பாசிப் பாறையில் வழுக்கிக் கடலில் விழுந்து காலமானார் என்று நாலு வரி போட்டாள். செத்தவன் புத்தகம் எழுத முடியாது, இனி டைட்டஸுக்கு வேறு வழியில்லை என்பது அவள் கணக்கு.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். டைட்டஸ் துள்ளிக் குதித்தார். செத்துப்போன எழுத்தாளருக்குத்தான் மவுசாம். மேசை டிராயரில் ஏழு கதைகள் கிடைத்தன என்று விளம்பரம் செய்யலாம், நீ எழுதிக்கொண்டே இரு என்றார். உயிரோடு இருந்தபோது மூன்று புத்தகத்தோடு விட்ட ஃபின்டன், செத்தபிறகு ஏழு கேட்டான்.

அதுவாவது பெங்களூரோடு போயிருக்கலாம். கோலார் தங்கவயலில் ஒரு வழக்கம் உண்டு: உலகத்தில் எவன் பெயர் வாங்கினாலும் அவன் நம்ம ஊர்க்காரன். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் என்ற கூண்டை ஓட்டி ஓய்வு பெற்ற ஏனோக், இப்போது திருச்சபைச் செயலாளர். பேரப்பிள்ளைகளிடமிருந்து அந்தப் புத்தகங்களை வாங்கிப் படித்த நாளிலிருந்தே, கேஜ் இறங்கும்போது வயிறு மேலே வருவதை வெள்ளைக்காரன் இவ்வளவு சரியாக எழுதுகிறான் என்றால் அவன் தாத்தா இங்கேதான் ஆபீசராக இருந்திருக்க வேண்டும் என்று சாதித்துவந்தார். சாவுச் செய்தி வந்ததும் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் எழுந்தது. ஃபின்டனின் படம் எங்கும் கிடைக்காததால், கடைக்காரர் யாரோ ஒரு தாடிக்காரரையும் பக்கத்தில் ஓர் ஆட்டையும் ஒட்டி அடித்திருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நினைவுக்கூட்டம்.

ஸ்வீட்டி மூன்றாவது பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் மாமியார் ஃப்ளோரா, ஓய்வு பெற்ற நர்ஸ். மருமகள் ரயிலில் போனை நோண்டுகிறாள் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது என்று ஸ்வீட்டி நம்பியிருந்தாள். புருஷன் மேக்ஸ்வெல்லுக்குத் தெரியும். ஆனால் அம்மாவிடம் வாய்திறக்கும் தைரியம் அவனுக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

இந்தச் சபையில் யார் செத்தாலும் எழுந்து சாட்சி சொல்லலாம், செத்தவர் மறுக்கப்போவதில்லை. ஏனோக் எழுந்தார். ஃபின்டன் சின்னப் பையனாக ஊரிகத்துக்கு வந்ததையும், தங்கள் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டதையும், காரம் தாங்காமல் அழுததையும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஆளாளுக்கு எழுந்தார்கள். பக்கத்துக் கோரமண்டல் குடியிருப்பிலிருந்து வந்த மரியா, தன் அத்தைதான் அவருக்குத் தடுப்பூசி போட்டது என்றாள். கடைசியில், பெட்டி பெட்டியாகப் புத்தகங்களோடு காரில் வந்திறங்கியிருந்த டைட்டஸ் மைக்கைப் பிடித்து, டிராயரில் கிடைத்த ஏழு கதைகளைப் பற்றி உருக்கமாக அறிவித்தார்.

இப்போது பேசாவிட்டால் காலமெல்லாம் ஒரு பிணத்துக்கு எழுதிக் கொட்ட வேண்டியதுதான். ஸ்வீட்டி எழுந்து நின்றாள். டைட்டஸ் ஒரு பார்வை பார்த்தார். ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் ஃப்ளோரா எழுந்தார். ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்போதுதான் முன்வரிசைப் பிள்ளைகளில் ஒன்று களுக்கென்று சிரித்தது.

"சிரிங்க," என்றார் ஃப்ளோரா, கையிலிருந்த ஃபின்டன் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிப் பிடித்தபடி. "ஷூ லேஸு கட்டின ஆடு. கருகின ஓரத்தத் துன்ற ஆடு. கோவம் வந்தா செவுத்தப் பாத்து நிக்கிற ஆடு. எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்வாங்க அது யாருன்னு. அப்புறம் பைபிளு பின்னாடி மிட்டாயி. எனுக்கு சுகரு. டாக்டரு கூடாதுன்னாரு. எம் பிள்ளைக்கிக்கூடத் தெரியாது. எங்க வூட்டுக்குள்ள கீறவங்களத் தவர வேற யாரு பாத்திருப்பாங்க?"

மேக்ஸ்வெல் வாயைப் பிளந்தான். ஃப்ளோரா மருமகளின் தோளில் கையை வைத்தார்.

"அந்தாளு ஒண்ணும் சாவல. இதோ ஒக்காந்துங்கீறா. மூணு புக்கும் இவ எழுதினது."

ஒப்பந்தம் என்று டைட்டஸ் எழுந்தார்.

"வாயத் தொறக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தவ அவதானே? நான் இன்னாத்துலயும் கையெழுத்துப் போடல," என்றார் ஃப்ளோரா.

எல்லோரும் ஏனோக்கைப் பார்த்தார்கள். அவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "நான்தான் அப்பவே சொன்னேனே, அவுரு நம்ம ஊருதான்னு," என்றார்.

பிள்ளைகள் ஸ்வீட்டியை மொய்த்துக்கொண்டார்கள். ஃபின்டன் ஓ'மாராவின் பெயருக்குக் கீழே அவள் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். கொண்டுவந்த பெட்டிகள் காலியானதைப் பார்த்த டைட்டஸ், நாலாவது புத்தகத்தில் உங்கள் பெயர்தான் என்று தாமாகவே வந்து சொன்னார். 'உன்' எப்போது 'உங்கள்' ஆனது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

வீடு திரும்பியதும் ஃப்ளோரா நேராகச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மிட்டாயை மேக்ஸ்வெல் எடுத்துக்கொண்டு போய்விட்டான். தம் மிட்டாய் ரகசியத்தை ஊரறியப் போட்டு உடைத்தல்லவா அவர் மருமகளைக் காப்பாற்றியிருக்கிறார். ஸ்வீட்டி ரொட்டியைக் கருகவிட்டு வாட்டி, ஓரங்களை மட்டும் தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆடு என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளச் சொன்னாள்.

ஃப்ளோரா திரும்பாமலே ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.

"செத்தது அந்தாளு மட்டுந்தானே? ஆடு கீதில்ல?"

"கீது அத்தே."

"அப்போ நாலாவது புக்குல அதக் கதைக்குள்ள வுடு. இன்னும் எத்தினி நாளுதான் பின்னட்டையிலயே கட்டிப் போடுவே?"